ரீகால் ஆன பொம்மைக்கு டேப் ஒட்டினால் போதுமா?

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் பொம்மையின் பெயரையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்குப் பதினொரு மாதம். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, சென்னையில் வேலை பார்க்கும் தம்பி இணையத்தில் 1,349 ரூபாய்க்கு ஒரு வெளிநாட்டுக் கிலுகிலுப்பை வாங்கி அனுப்பினார். ஆட்டினால் பாட்டுப் பாடும், விளக்கு எரியும். பின்பக்கம் சின்ன மூடி, உள்ளே மூன்று பட்டன் செல். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் மூடி திறந்து கிடந்தது, உள்ளே இரண்டு செல்தான் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து தேடியபோது மூன்றாவது செல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மொத்தச் செலவு 2,800 ரூபாய்.

ஆத்திரத்தில் அந்த விற்பனைத் தளத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, நடந்ததை எழுதினார். அதற்கு அப்புறம்தான் அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகள் ஒரு அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்: செல் மூடி திறந்துகொள்வதால் இதே பொம்மையை அங்கே திரும்பப் பெறுகிறார்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்யப் பார்த்தால் அமெரிக்கா, கனடா முகவரி மட்டும்தான் எடுக்கிறது. இங்குள்ள கஸ்டமர் கேரில் 'பத்து நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது' என்று முடித்துக்கொண்டார்கள். கணவர், "ஒன்றும் ஆகவில்லையே, வாலண்டரி ரீகால் என்றுதானே போட்டிருக்கிறது, நல்ல டேப்பாக ஒட்டினால் போச்சு" என்கிறார். மாமியாருக்குத் தூக்கி எறிய மனசில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பேரனுக்குக் கொடுக்கலாமே என்கிறார். இரண்டு நாள் முன்பு விற்பனையாளரே போன் செய்து, விமர்சனத்தை நீக்கிவிட்டுப் பொம்மையைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் நான்கு. பில் தம்பி பெயரில் இருக்கும்போது நான் புகார் கொடுக்க முடியுமா? அமெரிக்க ரீகால் இங்கே செல்லுமா? 'சிஇ' முத்திரை போட்டிருந்ததே, பின் எப்படி இப்படி? ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது நான்கு கேள்வி. நான் ஐந்தாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை நீங்கள் கேட்கவே இல்லை. அந்தப் பொம்மை இப்போது எங்கே இருக்கிறது? கடிதத்தில் 'ஷெல்ஃபில் எடுத்து வைத்திருக்கிறேன்' என்று ஒரு வரி வருகிறது. செல்லோடு வைத்திருக்கிறீர்களா, செல்லைக் கழற்றிவிட்டா என்று எழுதவில்லை. பதினொரு மாதக் குழந்தை இன்னும் சில வாரங்களில் ஷெல்ஃபைப் பிடித்து எழுந்து நிற்கும்.

இதைப் படித்து முடித்ததும் மூன்று செல்லையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் மூடுகிற மாதிரி செலோடேப் சுற்றி, மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டுங்கள். தீர்ந்துபோன செல்தானே என்று நினைக்க வேண்டாம். பாட்டுப் பாட வலுவில்லாத செல்லிலும் தொண்டையைப் புண்ணாக்கும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

குழந்தைகள் நல மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உணவுக்குழாயில் சிக்கும் பட்டன் செல் நாணயம் மாதிரி சும்மா கிடக்காது. ஈரமான சதையைத் தொட்டதும் மின்னோட்டம் ஓடி, செல்லின் எதிர்மின் (மைனஸ்) முனைப் பக்கம் காரம் (ஆல்கலி) உருவாகும். அது சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் ஏற்படலாம். இதில் மிக மோசமானது 20 மில்லிமீட்டர் அகல லிதியம் செல், அதாவது கார் சாவி, எடை மெஷின் போன்றவற்றில் இருக்கும் சிஆர்2032. உங்கள் பொம்மையில் இருந்தது எல்ஆர்44 என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் அகலம் 12 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பெரும்பாலும் தொண்டையைத் தாண்டி இறங்கிவிடும். ஆனால் கைக்குழந்தையின் உணவுக்குழாயில் எது சிக்கும், எது சிக்காது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அதனால் நீங்கள் அன்றைக்கு ஓடியது சரி. 'தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுத்தோமோ' என்று கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். செல் காணோம், குழந்தை பக்கத்தில் இருந்தது என்றால் எக்ஸ்ரேதான் வழி. படத்தில் செல்லின் ஓரம் இரட்டை வளையமாகத் தெரியும், நாணயம் அப்படித் தெரியாது. அதை வைத்தே அவசரத்தை முடிவு செய்வார்கள்.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். செல்லை விழுங்கிய குழந்தைக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில் தேன் கொடுக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கு மட்டும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.

சரி, இனி வக்கீலாக என் வேலைக்கு வருகிறேன்.

'ஒன்றும் ஆகவில்லையே' என்பவருக்கு

உங்கள் கணவர் சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. வாலண்டரி என்று போட்டிருந்தால் சாதாரண விஷயம் என்பது ஒன்று. அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவிக்கும் ரீகால்களில் ஏறக்குறைய எல்லாமே சட்டப்படி 'தானாக முன்வந்து செய்தவை'தான். ஆணையம் பேசி, நிறுவனம் ஒப்புக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து அறிவிப்பார்கள். உயிர் போன வழக்குகளிலும் அந்த வார்த்தைதான் இருக்கும். ஆகவே அதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அறிவிப்பில் என்ன ஆபத்து, எத்தனை சம்பவம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

இன்னொன்று, நம் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது. இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். பொம்மை இல்லை, குழந்தையைச் சாய்த்துப் படுக்கவைக்கும் ராக் அண்ட் ப்ளே என்ற ஆட்டுப் படுக்கை. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 2019 ஏப்ரலில் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் அதே அறிவிப்பை இரண்டாம் முறை வெளியிட வேண்டியிருந்தது. காரணம், முதல் ரீகாலுக்குப் பிறகும் குறைந்தது எட்டுக் குழந்தைகள் அந்தப் படுக்கையில் இறந்ததாகத் தகவல் வந்திருந்தது. அறிவிப்பு வந்த பிறகும் அந்தப் படுக்கைகள் வீடுகளில் இருந்தன, குழந்தைகள் படுத்தார்கள்.

டேப்பைப் பற்றி ஒரே வரி. குழந்தை கடிக்கும், எச்சில் படும், ஒரு வாரத்தில் ஓரம் பிரியும், அப்புறம் அந்த டேப்பே வாய்க்குள் போகும்.

மாமியாரிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது, அதில் தப்பில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு ஆகாது என்று எடுத்து வைத்ததை வேலைக்கு வரும் அக்காவின் பேரனுக்குக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? அவர்களுக்கு அந்த வாட்ஸ்அப் வரவில்லை. செல் தொலைந்தால் தேடிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது. அமெரிக்காவில் 2008-லிருந்து ரீகால் ஆன பொருளை விற்பதே சட்டவிரோதம், பழைய பொருளாக விற்றாலும் அப்படித்தான். நம் சட்டத்தில் தானம் செய்வதற்கு அப்படி நேரடித் தடை இல்லை. ஆபத்து என்று தெரிந்தே கொடுத்து ஏதாவது நடந்துவிட்டால், 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லும் வழி மட்டும் உங்களுக்கு இருக்காது. அந்தக் குழந்தைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் செல் இல்லாத ஒரு பொம்மையைப் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

அமெரிக்க ரீகால் இங்கே செல்லுமா?

நேரடியாகச் செல்லாது. அங்கே ஓர் ஆணையம் சொன்னது இங்கே உள்ள கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. அந்த நிறுவனம் அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும் பணம் தருகிறேன் என்றால், அந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அங்கே நீங்கள் சண்டை போடுவது நடைமுறையில் வீண். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகளின் முகவரியைப் போட்டுப் பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பொய் விவரம் கொடுத்த வழக்கு என்று பின்னால் உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

ஆனால் அந்த அறிவிப்பு உங்களுக்கு நல்ல சாட்சியம். 'இந்த மூடி திறக்கும்' என்று தயாரித்தவரே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அதைப் பயன்படுத்துவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் பொம்மை அந்த ரீகாலில் வருகிறதா என்று நீங்கள் சரிபார்க்கவில்லை. 'படம் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். படம் போதாது. ஒரு உதாரணம்: 2023 ஜூனில் ஜுரு நிறுவனம் பேபி ஷார்க் குளியல் பொம்மைகளில் 75 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. முதுகுத் துடுப்பு கெட்டி பிளாஸ்டிக்காக இருந்ததால், தொட்டியில் வழுக்கி அதன்மேல் உட்கார்ந்த, விழுந்த குழந்தைகளுக்குக் கிழிந்து காயம். பன்னிரண்டு சம்பவம் பதிவாகியிருந்தது. அதே சுறா, அதே பாட்டு, ஆனால் துடுப்பு மெத்தென்ற சிலிகானாக இருந்தால் அது ரீகாலில் வராது. இப்படித்தான் ஒவ்வொரு அறிவிப்பிலும் மாடல் எண், தயாரித்த தேதிக் குறியீடு, விற்ற காலம் என்று வரம்பு இருக்கும். பொம்மையின் அடியிலோ செல் மூடியின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் படமெடுத்து அறிவிப்போடு ஒப்பிடுங்கள்.

எண் பொருந்தாவிட்டாலும் கதை முடிந்துவிடாது. இணையத்தில் போலிகளும் நிறைய. உங்கள் கையில் இருப்பது அசலோ நகலோ, சாதாரண உபயோகத்தில் மூடி கழன்று செல் வெளியே வந்தது. அதுவே குறைபாடு. ரீகால் இருந்தால் நிரூபிப்பது சுலபம், இல்லாவிட்டால் கொஞ்சம் சிரமம்.

'சிஇ' முத்திரை இருந்ததே?

இது நிறையப் பேருக்கு இருக்கும் குழப்பம். சிஇ என்பது ஐரோப்பியச் சந்தைக்கானது. பல பொம்மைகளுக்கு அதைத் தயாரிப்பாளரே 'நான் விதிகளைப் பின்பற்றியிருக்கிறேன்' என்று சொல்லி ஒட்டிக்கொள்ளலாம். இந்தியாவில் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. இங்கே 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்ளூரில் செய்ததோ இறக்குமதியோ, இரண்டுக்கும்தான். செல் போட்டு ஓடுபவை மின் பொம்மைகள் கணக்கில் வரும், அவற்றுக்கான தரநிலை ஐஎஸ் 15644. மற்றவற்றுக்கு ஐஎஸ் 9873. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் தஞ்சாவூர் பொம்மை, சன்னபட்னா மாதிரி புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. உங்கள் கிலுகிலுப்பை அதில் வராது.

முத்திரை இருந்தால் மேலே ஐஎஸ் எண்ணும் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு உரிமம் என்று காட்டும். குக்கருக்கு வாங்கிய எண்ணைப் பொம்மையில் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான், என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமானது. மூடி எப்படிக் கழன்றது, குழந்தை தூக்கிப் போட்டதா, நீங்கள் செல் மாற்றும்போது திருகாணியைச் சரியாகப் போடவில்லையா என்று எதிர்த்தரப்பு ஆயிரம் கேட்கலாம். முத்திரை இல்லாமல் விற்றதற்கு அப்படிக் கேட்க ஒன்றுமில்லை. அந்தப் பொம்மையை இந்தியாவில் விற்றிருக்கவே கூடாது.

பில் தம்பி பெயரில், ரிட்டர்ன் காலமும் முடிந்தது

இரண்டும் தடை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நுகர்வோர்' என்றால் வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும்தான். தம்பி அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்தார், குழந்தை பயன்படுத்தியது, குழந்தைக்காகத் தாய் வழக்குப் போடலாம். தம்பியையும் ஒரு மனுதாரராகச் சேர்த்துவிட்டால் இந்த வாதமே எழாது.

பத்து நாள் என்பது கடைக்காரர் வைத்துக்கொண்ட விதி. 'பிடிக்கவில்லை, அளவு சரியில்லை' என்று திருப்புவதற்கு அது பொருந்தும். 2020 மின்வணிக விதிகள், பொருள் குறைபாடுள்ளது என்றால் விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கவோ பணம் தர மறுக்கவோ கூடாது என்கின்றன. வழக்குப் போட உங்களுக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.

யார் மேல் போடுவது? தயாரிப்பாளர் வெளிநாட்டில், நம் நீதிமன்றம் தொட முடியாத இடத்தில் இருந்தால், பொருளை விற்றவரையே பொறுப்பாக்கலாம் என்று அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு சொல்கிறது. விற்பனைத் தளம் 'நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம்' என்று வழக்கமாகச் சொல்லும். சொல்லட்டும், எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அட்டைப்பெட்டியில் இருந்திருக்க வேண்டும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன் என்கிறீர்கள். பரவாயில்லை, விற்பனைப் பக்கத்தில் விற்பனையாளர் விவரமும் எந்த நாட்டுப் பொருள் என்பதும் இருக்க வேண்டும்.

ஐந்து லட்சம்?

இங்கே கொஞ்சம் ஏமாற்றம் தரும் பதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய சட்டத்தில் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் நஷ்டஈடு கேட்க 'தீங்கு' நடந்திருக்க வேண்டும். உடலுக்குக் காயம், நோய், உயிரிழப்பு, மற்றச் சொத்துக்குச் சேதம், இவற்றோடு சேர்ந்து வரும் மன வேதனை. கடவுள் புண்ணியத்தில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. காயம் இல்லாதபோது வெறும் பயத்துக்கு மட்டும் அந்த அத்தியாயத்தில் பெரிய தொகை கேட்டால் நிற்காது.

ஆனால் சாதாரண நுகர்வோர் புகாராகப் போடலாம். குறைபாடுள்ள பொருள், முத்திரை இல்லாமல் விற்பனை, திருப்பி எடுக்க மறுப்பு. இதில் பொம்மை விலை, மருத்துவச் செலவு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு கேட்கலாம். அந்த நியாயமான தொகை ஆயிரங்களில் இருக்கும், லட்சங்களில் எதிர்பார்க்காதீர்கள். பணத்தைவிட முக்கியமாக, 39-ஆம் பிரிவின்படி ஆபத்தான அந்தப் பொருளை விற்பனையிலிருந்து எடுக்கச் சொல்லியும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். மனுவில் அதையும் மறக்காமல் கேளுங்கள். பெரும்பாலான மனுக்களில் நஷ்டஈட்டை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம், விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் சரி. கட்டணம் கணக்கிடுவது நீங்கள் கொடுத்த விலையை வைத்து. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. 'இ-ஜாக்ருதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வக்கீலாக இருந்துகொண்டு நானே இதைச் சொல்கிறேன்.

விற்பனையாளரின் பேரம்

விமர்சனத்தை நீக்கு, பொம்மையைத் திருப்பி அனுப்பு, முழுப் பணம் தருகிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொம்மைதான் உங்கள் முக்கியமான சாட்சியம். குறைபாட்டைப் பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை என்றால் ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். அனுப்பப் பொருள் இல்லாவிட்டால் உங்கள் சொல்லும் அவர் சொல்லும்தான் மிஞ்சும். இதனால்தான் வெளிநாட்டு அறிவிப்பைப் பார்த்து அதில் சொல்லியிருக்கும்படி பொம்மையை வெட்டி, உடைத்து, படமெடுத்துக் குப்பையில் போடாதீர்கள் என்கிறேன். அங்கே அப்படிச் செய்தால் பணம் வரும். இங்கே உங்களுக்கு அது வராது, சாட்சியமும் போய்விடும். செல்லைக் கழற்றிய பொம்மையை ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அப்புறம் உடைத்துக்கொள்ளலாம்.

விமர்சனத்தை என்ன செய்வது? நீங்கள் எழுதியது நடந்தது, படமும் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பொம்மையை வாங்க நினைக்கும் இன்னொரு தாய்க்கு இப்போதைக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை அதுதான். குறைபாடுள்ள பொருளுக்குப் பணம் திருப்பித் தருவது அவர் கடமை, அதற்கு விலையாக உங்கள் வாயை மூடச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அதே சமயம் உண்மையை மீறி எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'கொலைகாரக் கம்பெனி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது உங்கள் விமர்சனத்தில். அதை மட்டும் எடுத்துவிட்டு, நடந்ததை அப்படியே விட்டுவையுங்கள்.

வழக்குக்குப் போக மனமில்லை, கைக்குழந்தையோடு அலைய முடியாது என்று நினைத்தால் அதுவும் நியாயமான முடிவுதான். அப்படியானால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு நிபந்தனையோடு. பேச்சு எல்லாம் மின்னஞ்சலில் நடக்கட்டும், போனில் வேண்டாம். 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எதிலும் ஓகே சொல்லாதீர்கள். திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், எல்லாப் பக்கமும் படம், மூடி கழல்வதற்கு ஒரு வீடியோ, எண்களின் படம், இவ்வளவும் எடுத்த பிறகு, 'இதை மறுபடி விற்கக் கூடாது' என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.

மற்றக் குழந்தைகளுக்காக

கடிதத்தின் கடைசியில், 'அந்தப் பொம்மை இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது, அதுதான் தூக்கம் வரவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நுகர்வோர் ஆணையம் உங்கள் வழக்கைத்தான் பார்க்கும். பொதுவாக எல்லோருக்குமாகத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது, சட்டத்தின் 20-ஆம் பிரிவில். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் அது உத்தரவிடலாம். காகிதத்தில் மட்டும் இருக்கும் அதிகாரம் இல்லை இது. 2022 ஆகஸ்டில், தரநிலைக்கு உட்படாத பிரஷர் குக்கர்களை விற்க விட்ட இரண்டு பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்ப எடுத்து, பணம் கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஒரு தளத்தில் 2,265 குக்கர், இன்னொன்றில் 598. அடுத்த ஜனவரியில், தரமில்லாத பொம்மைகள் விஷயமாகவே பெரிய தளங்களுக்கு நோட்டீஸ் போனது.

அந்த ஆணையம் டெல்லியில் இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். பல நுகர்வோரைப் பாதிக்கும் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் அது வேறு ஏதாவது துறை மேசைக்குப் போய் உட்கார்ந்துவிடும். முத்திரை இல்லாத விற்பனையைப் பிஐஎஸ் கேர் செயலியில் தனிப் புகாராகப் போடுங்கள். கிடங்கில் சோதனை போட்டுப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கோவையில் அவர்களுக்குக் கிளை அலுவலகமும் இருக்கிறது.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழிலேயே பேசலாம், நிறுவனத்துக்குத் தட்டிவிடுவார்கள், பணம் திரும்பும் விஷயத்தில் பல சமயம் அதுவே போதும். ஆனால் அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. அங்கே புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக இரண்டு வருடக் கெடு நின்றுவிடவும் செய்யாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் விற்பனையாளருக்கும் தளத்துக்கும் ஒரே மின்னஞ்சல்: நடந்தது, முத்திரை இல்லாதது, ரீகால் அறிவிப்பு, 1,349-ம் 2,800-ம் பதினைந்து நாளில் வேண்டும், விற்பனையை உடனே நிறுத்த வேண்டும். அதே வாரம் ஆட்சியர் மனுவும் பிஐஎஸ் புகாரும். பதினைந்து நாளில் பதில் இல்லாவிட்டால் 1915, அதுவும் சரிப்படாவிட்டால் மாவட்ட ஆணையம். ஆஸ்பத்திரி சீட்டு, எக்ஸ்ரே ரசீது, அன்றைக்கு மருத்துவர் 'பட்டன் செல் விழுங்கியதாகச் சந்தேகம்' என்று எழுதிய தாள், மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் அப்படி எழுதவில்லை என்றால் இப்போதே போய் ஒரு சான்று கேளுங்கள், மாதங்கள் கழித்துக் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

இதற்கெல்லாம் முன்னால் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். அவருடைய கணக்கில் அந்த ஆர்டர் பக்கம், பில், பொம்மையின் விற்பனைப் பக்கம், உங்கள் விமர்சனம் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிடிஎஃப்பாகவும் சேமிக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் போனில் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் அடுத்து அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடுவார்.